செங்கங்காருவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஆஸ்திரேலியாவின் ஸ்டர்ட் தேசியப் பூங்கா, டிபூபுரா ஊர்ப் பக்கம், ஜனவரி உச்சிவெயில். முல்கா மர நிழலில் மேல்மண்ணைப் பறித்துவிட்டுப் பெரிய ஆண் ஒன்று படுத்திருந்தது. எழுந்தால் ஆள் உயரம். ஓடவில்லை, முன்னங்கைகளை எச்சில் சொட்டச் சொட்ட நக்கியபடியே இருந்தது. காயம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ரத்தக்குழாய்கள் தோலை ஒட்டி ஓடுகின்றன, எச்சில் உலர உலர ரத்தம் குளிரும். அந்த நேரத்தில் விரட்டினால் உடற்சூடு ஏறிவிடும், வண்டியைவிட்டு இறங்கவே கூடாது. கூடவே இரண்டு சாம்பல் கங்காருகளும் நின்றன.

*

அவை சாம்பல் இனம்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? செங்கங்காருவில் பெண்கள் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம்தான். முகத்தைப் பாருங்கள்: வாயோரத்திலிருந்து காதை நோக்கி வெள்ளைப்பட்டை, மூக்கருகே கறுப்புக்கோடு, வெள்ளை வயிறு இருந்தால் செங்கங்காரு. ஆண் 85 கிலோ வரை போகும், பெண் அதில் பாதிகூடத் தேறாது. அதனால்தான் வேறு இனம்போலத் தெரிகிறது.

*

நிறம் கிடக்கட்டும். புரோக்கன் ஹில் சாலையில் அந்தி நேரம், ஒன்று தாண்டியதும் ஓட்டுநர் பிரேக்கை விட்டார். பின்னாலேயே வந்த பெண் கங்காரு அடிபட்டுச் செத்தது. அதன் வயிற்றுப்பை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஒன்று தாண்டினால் அடுத்தது வரும், வேகத்தைக் கூட்டாதீர்கள். ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் நேராகவே பிரேக் பிடியுங்கள், ஒடித்தால் வண்டி கவிழும். செத்தது பெண் என்றால், பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்துக்கொண்டு, பைக்குள் கைவிட்டுப் பாருங்கள். மயிர் முளைக்காத குட்டி காம்பைக் கவ்வியபடி இருந்தால் இழுக்கவே கூடாது, வாய் கிழிந்துவிடும். தாயின் உடலோடு ஒட்டிக் காம்பை வெட்டி, குட்டியோடு சேர்த்தே எடுங்கள். பருத்தித் தலையணை உறையில் போட்டுச் சட்டைக்குள் உடம்போடு அணைத்து வைத்தால் போதும். வெளிச்சமும் பேச்சும் வேண்டாம். பசும்பால் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வந்து செத்துப்போகும். உடனே வனவிலங்கு மீட்புக் குழுவை அழையுங்கள்.

*

வெட்டிய காம்பின் முனையில் ஊக்கு ஒன்றைக் குத்தித் துணியோடு மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குட்டி அதை விழுங்கிவிடும். இன்னொன்று: பைக்குள் நான்கு காம்புகள் உண்டு. ஒன்று மட்டும் நீண்டு பால் கட்டியிருந்து, அதில் குட்டி இல்லையென்றால், பையைவிட்டு இறங்கிய பெரிய குட்டி பக்கத்துப் புதரில் நிற்கக்கூடும். துரத்தாதீர்கள். அது கண்ணில் பட்டால், நின்ற இடத்தை மீட்புக் குழுவிடம் சரியாகச் சொல்லுங்கள்.