புளியமர ஏலமும் டிவி கேம் கேசட்டும்: எங்கள் ஏலத் தளத்தின் முதல் இரண்டு வருடம்

பெங்களூரு, அல்சூரிலிருந்து:

பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்களுக்காக நானும் நண்பனும் ஓர் ஏலத் தளம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. எப்படித் தொடங்கினீர்கள், எங்கே அடிபட்டீர்கள் என்று பலர் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். வாங்கி விற்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும், அதையும் சொல்லுங்கள்.

பழைய கேசட்டுக்கு எம்ஆர்பி கிடையாது. அதே கேசட்டை ஒருவர் ஐந்நூறுக்குக் கொடுப்பார், இன்னொருவர் ஐயாயிரத்துக்குக் குறைய மாட்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அதுதான் விலை. இந்த மாதிரிப் பொருளுக்கு ஏலத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2004-இல் பாஸீ என்ற இந்திய ஏலத் தளத்தை வாங்கி இங்கே வந்த அமெரிக்க ஏலத் தளம் ஈபே, 2018 ஆகஸ்டில் இந்தியத் தளத்தை மூடியது. அதுவரை நான் வாங்கியதெல்லாம் அங்கேதான். அப்புறம் வாட்ஸாப் குழுக்கள்தான். அங்கே ஏலம் கிடையாது, முதலில் 'எனக்கு' என்று போட்டவருக்குப் பொருள். ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் போயிருக்கும். நான் அந்த ராத்திரி ஷிப்ட் ஆள்.

நான்கு மாதம், சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து தளத்தை எழுதினோம். முதல் பெரிய ஏலம் சேகா மெகா டிரைவ் என்ற டிவி கேம் பெட்டி ஒன்று. 90-களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் மூலமாக இந்தியாவுக்கு வந்தது, அப்போதே விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்தில் அதை வீட்டில் வைத்திருந்தவர்களை நாங்கள் வேறு உலகத்து மனிதர்களாகத்தான் பார்த்தோம். ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏலம் முடியும் என்று போட்டிருந்தோம். சேலத்துக்காரர் ஒருவர் 7,200-இல் நின்றார். கடைசி எட்டு வினாடியில் வேறொருவர் 7,300 போட்டு எடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் சேலத்திலிருந்து போன். "தம்பி, நான் பத்தாயிரம் வரைக்கும் போக ரெடியா இருந்தேன். அடிச்சு முடிக்கிறதுக்குள்ள மூடிட்டீங்களே!" அவர் கோபப்படவில்லை, குரல் உடைந்திருந்தது. விற்றவருக்கும் இரண்டாயிரத்துக்கு மேல் நஷ்டம்.

உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைத்தால் தளமே உங்களுக்காகக் கேட்கும் வசதி அன்றைக்கே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஏலம் விடுகிறவனிடமே தன் கடைசி விலையைச் சொல்லி வைக்க நம்ம ஆட்களுக்கு மனசு வராது. அது நியாயமும்கூட.

இதையெல்லாம் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா. எங்களுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். ஊரில் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை வருடா வருடம் ஏலம் விடுவார்கள், தாத்தா தவறாமல் எடுப்பார். அப்பா கேட்டார்: "கடிகாரத்த பாத்தா ஏலத்த முடிப்பாங்க? ஒரு தரம்னு சொல்லி நிறுத்துவான், ரெண்டு தரம்னு சொல்லிச் சுத்திப் பாப்பான். எவனாவது வாயத் தொறந்தா மறுபடியும் ஒரு தரத்துல இருந்து வரணும். கேக்குற ஆளுங்க ஓயணும்டா, அப்பதான் மூணாவது தரம்."

அடுத்த வாரமே மாற்றினோம். கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் இன்னொரு மூன்று நிமிடம் நீளும். திரையில் 'ஒரு தரம்', 'ரெண்டு தரம்' என்றே வரும். கடைசி வினாடியில் பாய்கிறவர்களுக்கு அதோடு வேலையில்லாமல் போனது. ஒரு தடவை இரவு 10 மணி ஏலம் 11:40 வரை போயிற்று. தோற்றவர்கூட 'நல்லா இருந்தது' என்று செய்தி அனுப்பினார்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். அது உறைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. "உங்க தாத்தா ஏலத்துக்கு மொத நாளே சைக்கிள்ல போயி ஒவ்வொரு மரமா அண்ணாந்து பாத்துட்டு வருவாரு. பூ எவ்ளோ, பிஞ்சு எவ்ளோன்னு. பாக்காம கேட்டா கைக்காசு போயிடும்."

எங்கள் தளத்தில் எல்லோரும் பார்க்காமல்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேசட்டின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அவ்வளவுதான். ஆனால் கேசட்டில் ஸ்டிக்கருக்கு மதிப்பே இல்லை, எதையும் அச்சடித்து ஒட்டலாம். உண்மை உள்ளே இருக்கும் போர்டில், அதாவது சிப் பொருத்திய மின்சுற்றுப் பலகையில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் சின்ன வயதில் ஆடியது ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகளில். அதன் கேசட்டுக்கு 60 பின் (பெட்டியைத் தொடும் உலோக முனைகள்). நிண்டெண்டோவின் இன்னொரு பெட்டியான என்இஎஸ் இங்கே 'சாமுராய்' என்ற பெயரில் வந்தது, அதற்கு 72 பின். நகல் கேசட்டைத் திறந்தால் போர்டின் நடுவில் கறுப்புப் பிசினில் ஒரு பொட்டு இருக்கும், சிப் அதற்கடியில். ஒரிஜினலில் பெரும்பாலும் சிப்புகள் கால் முளைத்து, எண் அச்சடித்து, வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

அதனால் விதி போட்டோம்: போர்டு படம் இல்லாமல் ஏலம் இல்லை. திறப்பதற்கு 3.8 மில்லிமீட்டர் தலை கொண்ட தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும், சாதாரண ஸ்டார் உதவாது. எஸ்.பி. ரோட்டில் தேடி வாங்கினேன். விற்பவர்களுக்கு நாங்களே தபாலில் அனுப்பி, திருப்பி வாங்கிக்கொள்வோம். அதுவரை வந்திருந்த முப்பது விற்பனையாளர்களில் பதினொரு பேர் அந்த மாதமே போய்விட்டார்கள். "பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றார் ஒருவர். ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் எந்த மதிப்பும் போகாது. நண்பன் பயந்தான். விற்க ஆளில்லாமல் ஏலம் எங்கே நடத்துவது என்றான். எனக்கும் இரண்டு வாரம் தூக்கமில்லை. ஆனால் மீதிப் பத்தொன்பது பேரின் பொருளுக்கு முன்பு வந்ததைவிட அதிக விலை வந்தது. வாங்குகிறவர் பயமில்லாமல் கேட்டார், அதுதான் காரணம். போனவர்களில் நான்கு பேர் பிறகு திரும்பியும் வந்தார்கள்.

மர்ஃபி டவுனில் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மகன் கனடாவில். வீடு மாற்றுகிறோம், வந்து பார் என்று கூப்பிட்டார். அரிசிப் பையில் ஒரு சாமுராயும் பதினொரு கேசட்டும். அவர் கண்ணெதிரிலேயே பெரிய சாம்பல் நிறக் கேசட் ஒன்றைத் திறந்தேன். பெரும்பாலான என்இஎஸ் கேசட்டுக்குள் போர்டு கொஞ்ச இடத்தில்தான் இருக்கும், மீதி வெறும் காற்று. "இவ்ளோ பெருசு, உள்ள இவ்ளோதானா?" என்று கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்களில் பச்சை படிந்திருந்தது. சின்ன வயதில் நாம் எல்லோரும் ஊதினோமே, அந்த எச்சில் ஈரம் பண்ணுகிற வேலை அது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தபோது பஞ்சு கறுத்தது, அடியில் பொன் நிறம் தெரிந்தது. கேசட்டின் முதுகில் நீல பால்பாயிண்டில் மகன் பெயரும் '4 பி' என்று வகுப்பும். அதை அழித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

அழிக்கவில்லை. எழுத்தையும் படம் எடுத்து, பேனா எழுத்து இருக்கிறது என்று தெளிவாகப் போட்டோம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 6,400-க்கு எடுத்தார். "பேர அழிச்சிடாதீங்க" என்று அவரே எழுதினார்.

சட்ட விஷயம் சுருக்கமாக. மற்றவர்கள் பொருளை விற்றுப் பணம் வசூலித்துத் தரும் தளத்துக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும், ஆடிட்டரை முதல் நாளே பாருங்கள். வாங்குகிறவர் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு பிறகு கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமென்ட் நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் பெயர் தளத்தில் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எங்களில் அந்த அலுவலர் நான்தான்.

மும்பை, மாட்டுங்காவிலிருந்து:

போர்டு படத்தின் அருமை எனக்குத் தெரியும், சார். என் பெண்ணுக்குப் பத்தாவது பிறந்தநாளுக்கு கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கேம் கருவியும் அதற்கான போக்கிமான் எமரால்டு கேசட்டும் வாங்கிக் கொடுத்தேன். கேசட் நேரில் ஒருவரிடம் வாங்கியது, பளபளவென்று இருந்தது. ஒரு மாதம் ஆடினாள். ஒருநாள் ஆன் செய்தால் சேவ், அதாவது அதுவரை ஆடிப் பதிந்து வைத்தது மொத்தமும் காணோம். அவள் அழவில்லை, கேசட்டை எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரிஜினலில் பின்களுக்குச் சற்று மேலே, கேசட்டின் வாய் வழியாகப் பார்த்தாலே நிண்டெண்டோ பெயர் போர்டில் அச்சாகியிருக்கும். ஸ்டிக்கரில் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் அழுத்தத்தில் மட்டும் பதிந்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். எமரால்டுக்குக் கண்ணாடி மாதிரிப் பச்சை ஓடு, உள்ளே ஒரு பட்டன் பேட்டரி. என்னுடையதில் பேட்டரியே இல்லை.

இரண்டாவது முறை உங்கள் தளத்தில் எடுத்தேன். போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது அவள்தான், "அப்பா, இதுல பேட்டரி இருக்கு" என்றாள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று விற்றவரே எழுதியிருந்தார். அது தீர்ந்தால் விளையாட்டுக்குள் கடிகாரம் மட்டும்தான் நிற்கும், சேவ் போகாது. லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் மாற்றிக்கொண்டோம்.

டெல்லி, மயூர் விஹாரிலிருந்து:

அண்ணா, எனக்கு ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்து நாளில் பாலிகா பஜாரில் வெறுமனே வேடிக்கை பார்த்தே வளர்ந்தவன் நான். பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் பெட்டிக்கு இந்தியாவிலேயே உருவாகி வந்த விளையாட்டுகளை மட்டும் சேர்க்கிறேன். 2009-இல் வந்த அனுமன் விளையாட்டிலிருந்து 2013-இல் வந்த டான் 2 வரைக்கும். அன்றைக்கு யாரும் மதிக்காததால் இன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். நம்ம நாட்டில் செய்ததை நாமே சேர்த்து வைக்காவிட்டால் வேறு யார் வைப்பார்கள்?

என் மாமா மூடிய கடையிலிருந்து பிரிக்காத அனுமன் இரண்டு கிடைத்தது. ஒன்றை விற்கலாம் என்றிருக்கிறேன். பிரித்துக் காட்டச் சொன்னால் பிரிக்காத பொருள் என்ற மதிப்பே போய்விடுமே. இதற்கு உங்கள் விதி என்ன? ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்களை என்ன செய்கிறீர்கள்?

பெங்களூரு, அல்சூரிலிருந்து:

தம்பி, முதல் கேள்வியில் நாங்கள் நிறையவே தடுமாறினோம். 2021 ஜூலையில் அமெரிக்காவில் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. நெகிழி உறையை வீட்டிலேயே மறுபடி ஒட்ட முடியும் என்பதால், உறை மட்டும் எங்களுக்குச் சாட்சி ஆகாது. உறையின் ஒட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான்கு கோணத்தில் படம், விலை ஸ்டிக்கர், பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம், இவற்றைக் கேட்கிறோம். உங்கள் மாமா கடையின் பழைய பில் புத்தகமோ கொள்முதல் ரசீதோ கிடைத்தால் அதுவே போதும், தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 'உறுதி செய்யப்படாதது' என்று போட்டு விடுவோம். விலை குறையும், ஆனால் வாங்குகிறவர் தெரிந்து வாங்குவார்.

பணம் கட்டாதவர்களுக்கு டேவணிதான், அதாவது முன்பணம். முதல் ஏலம் கேட்பதற்கு முன் 200 ரூபாய், எடுக்காவிட்டால் திரும்பிவிடும். அது வந்த பிறகு எடுத்துவிட்டு ஓடுகிறவர்கள் அநேகமாக இல்லை. இதுவும் அப்பாதான். ஊரில் டேவணி கட்டாதவனைப் பந்தலுக்குள்ளேயே விடமாட்டார்களாம்.

மும்பை சார், உங்கள் பெண்ணிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த ஞாயிறு இரவு 9 மணிக்கு போக்கிமான் சஃபையர் ஒன்று வருகிறது, நீல ஓடு, பேட்டரி புதிதாக மாற்றியது. போர்டு படம் நாளைக் காலையில் ஏற்றுகிறேன். அவளே பார்த்துச் சொல்லட்டும்.