ரத்தம் சிந்தாத துப்பறியும் கதைகள் தமிழில் எங்கே கிடைக்கும்?

நண்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, கரண்டும் போய்விடுகிறது. அம்மாவுக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர், ஆனால் கோரம் ஆகாது.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகளை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லி வருகிறேன். 1930-இல் முதல் நாவலில் வந்த அந்தக் கிராமத்துப் பாட்டி கம்பளி நூல் பின்னிக்கொண்டே ஊர்ப்பேச்சைக் கேட்பார். சந்தேகப்படும் ஆளைப் பார்த்ததும், தன் ஊரில் யார் இப்படி நடந்துகொண்டார் என்று யோசிப்பார். முடிச்சு அவிழ்ந்துவிடும். "நம்ம கடைவீதியில இல்லாத ஆளா?" என்று அம்மா குற்றவாளியை முன்கூட்டியே சொல்லிவிடுவார். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

அப்புறம், அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் 1998-இல் அறிமுகப்படுத்திய போட்ஸ்வானாப் பெண் துப்பறிவாளர் ரமோட்ஸ்வே. காணாமல் போன கணவன், ஏமாற்றுக்காரன் என்று சின்ன வழக்குகள்தான். பொறுமையாக ரூய்போஸ் தேநீர் குடித்தபடி யோசிப்பார். தேயிலைத் தோட்டத்திலேயே வாழ்ந்த அம்மாவுக்கு அந்தத் தேநீரின் ருசி தெரிய வேண்டுமாம்!

இனி அம்மா தானே படிக்க ஆசைப்படுகிறார். தேவனின் துப்பறியும் சாம்பு முடிந்தாயிற்று. அதே இதத்தோடு தமிழில் வேறு என்ன இருக்கிறது? மிஸ் மார்ப்பிள் மொழிபெயர்ப்பு ஏதாவது இப்போது அச்சில் உண்டா? எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது, ஒலிநூலும் சரி. குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய புத்தகக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். இரவல் தருபவர்களுக்கு அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.