பாக் ஃபில்டருக்குத் தமிழில் என்ன? 'வேர்ப்படுகை'யை முன்வைக்கிறேன்

[கோத்தகிரியிலிருந்து]

குழுவினருக்கு வணக்கம். பாக் ஃபில்டருக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் கொடைக்கானலிலிருந்து வந்த யோசனை இது:

> செடி நட்ட ஜல்லித் தொட்டி வழியாகக் குட்டைத் தண்ணீரை ஏற்றிச் சுத்தப்படுத்தும் அமைப்புக்கு 'சதுப்பு வடிகட்டி' என்றே போடலாமே. நேரடியாகப் புரியும்.

கொடைக்கானல் ஐயா, புரியும்தான். புரிவது தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. இரண்டு பாதியிலும் எனக்கு மறுப்பு இருக்கிறது.

முதலில் சதுப்பு. எங்கள் நீலகிரி மாவட்டத்தில் அது வெறும் அகராதிச் சொல் இல்லை. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே, பள்ளத்தில், கால் வைத்தால் முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும் நிலம். எத்தனையோ இடங்களில் அதை வடியவிட்டு உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டாயிற்று. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில், சதுப்பின் அடியில் கிடக்கும் முற்றா நிலக்கரியை (பீட் என்னும், மக்காத செடித் துணுக்கு படிந்த அடுக்கை) வைத்துத்தான் 20,000 ஆண்டு காலத்துப் பருவநிலையைக் கணித்து 1993-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அத்தனை காலம் செடித் துணுக்கு மக்காமல் கிடக்கிறதென்றால், அங்கே தண்ணீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) கிடையாது என்று பொருள். சதுப்பு எதையும் தின்னாது, பத்திரப்படுத்தி வைக்கும்.

நம் தொட்டியில் நடப்பது இதற்கு நேர் எதிர். மீன் கழிவிலிருந்தும் அழுகிய இலையிலிருந்தும் வரும் அம்மோனியாவை, ஜல்லிமேல் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. முதல் இரண்டு வேலைக்கும் உயிர்வளி கட்டாயம் வேண்டும். நிஜச் சதுப்பு மாதிரி தேங்கவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அந்தத் தண்ணீர் குட்டையில் இறங்கினால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆங்கிலத்தில் பாக், அதாவது சதுப்பு, என்று வைத்ததே பொருந்தாப் பெயர். அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? கடையில் 'பாக் ஃபில்டர்' என்று கேட்டால் துணிப்பை போட்ட பேக் ஃபில்டரை எடுத்து நீட்டுகிறார்கள் என்பது தனிக் கதை.

அடுத்தது வடிகட்டி. இதுதான் நிஜமாகவே கெடுதல் செய்யும் சொல். வடிகட்டி என்றதும் டீ வடிகட்டிதான் மனசில் வருகிறது: கசடு தங்கும், தட்டிக் கழுவி மாட்டினால் புதுசு. எங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படித்தான் ஜல்லியை எல்லாம் வெளியே வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு உரசிக் கழுவி, வெள்ளை வெளேரென்று திரும்பக் கொட்டினார். அந்த வழுவழுப்புதான் வேலைக்காரப் படை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சொல்லே கழுவச் சொல்கிறதே. குட்டை கொஞ்ச நாளில் பச்சைச் சாந்தாகிவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு: வேர்ப்படுகை.

படுகை என்றால் நம் ஆட்களுக்கு ஆற்றோரத்து வளமான நிலம். அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. வேர் என்று முன்னால் வந்துவிட்டால் செடி கட்டாயம் என்பதும் தெரிந்துவிடும். இந்த யோசனையின் வரலாறும் பொருந்தி வருகிறது. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற ஆய்வாளர் 1950-களில் கோரை இனச் செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சோதித்தார். பிறகு கிக்குத் என்பவர் அதை 'வேர்ப்பகுதி முறை' என்ற பெயரிலேயே வளர்த்தார். ஆரோவில்லில் செடி நட்ட ஜல்லிப் படுகைகள் பல ஆண்டுகளாக வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்கின்றன. நம்முடையது அந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி.

சொல் பொருந்துகிறதா என்று பார்க்க, பொருளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். என் குட்டை மூன்று மீட்டருக்கு இரண்டு, ஆழம் அறுபது சென்டிமீட்டர். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் ஷீட்தான் விரித்திருக்கிறது. படுகையின் பரப்பு குட்டைப் பரப்பில் 10 முதல் 30 சதவீதம் வரை என்பது பொதுக் கணக்கு. நான் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன். அடியில் ஒன்றரை இன்ச் பைப், ஆக்சா பிளேடால் குறுக்குக் கீறல் போட்டது. அதன்மேல் ஓரடி உயரத்துக்கு அரை இன்ச் ஜல்லி. கிரஷர் தூசி போகிறவரை ஜல்லியைக் கழுவ வேண்டும், ஆனால் நிரப்புவதற்கு முன் மட்டும். மண் ஒரு பிடிகூடக் கூடாது. செடியின் வேரில் ஒட்டிய மண்ணை அலசிவிட்டு வெறும் வேராக நட வேண்டும். வசம்பு, கோரை, ஓரத்தில் வல்லாரை, நடுவில் கல்வாழை. தண்ணீர் பைப் வழியாக அடியில் நுழைந்து, ஜல்லிக்கிடையே மெதுவாக ஏறி, விளிம்பு வழியாகக் குட்டைக்குத் திரும்புகிறது. இப்போது ஓரத்தில் விரலை விட்டு ஒரு வசம்பைக் கிளப்பினால் செடி தனியாக வருவதில்லை. வெள்ளை வேர் ஒவ்வொரு ஜல்லியையும் நூல் சுற்றியதுபோல் பிடித்திருக்கிறது, கூடவே ஐந்தாறு கல் தொங்கிக்கொண்டு வருகின்றன, கையெல்லாம் வசம்பு வாசம். இதைப் பார்த்தவர் யாரும் வடிகட்டி என்று சொல்ல மாட்டார்.

தண்ணீரை ஏற்றும் மோட்டாருக்குப் புதுச்சொல் வேண்டுமா என்று குன்னூர் அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. சோலார் மோட்டார், பேனல், பேட்டரி என்று எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. தேவை இல்லாத இடத்தில் சொல் ஆக்கினால் தேவையான இடத்தில் ஆக்கியதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

[குன்னூரிலிருந்து]

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் மோட்டாரைச் சுலபமாகத் தாண்டிவிட்டீர்கள். மலையில் குழப்பமே அங்கேதான்.

பேட்டரி இல்லாமல் பேனலை நேராக மோட்டாருக்குக் கொடுத்தால் என்ன ஆகிறது தெரியுமா? மதியம் மூட்டம் ஏறி வரும். விளிம்பில் விழும் தண்ணீர் கயிறாகி, நூலாகி, சொட்டாகி நின்றுவிடும். மூட்டம் விலகினால் பைப் இரண்டு தடவை காற்றைத் துப்பிவிட்டு மறுபடி ஓடும். ராத்திரி முழுக்க நிற்பதைப் பாக்டீரியா தாங்கும். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் நாள்கணக்கில் வெயிலே வராதே, அப்போது தாங்காது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே கதை. அதனால் 20 வாட் மோட்டாருக்கு 50 வாட் பேனல், ஒரு சின்ன பேட்டரி, மணிக்குச் சில நிமிஷம் மட்டும் ஓடவிடும் டைமர். பேனலைத் தெற்குப் பார்த்துப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்தால் போதும், நம் அட்சரேகை பதினொன்றுதானே.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், விளக்கக் குறிப்பில் 'தொடர்ந்து நீர் ஏற வேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். படுகை என்றதும் சும்மா கிடப்பது என்று நினைத்துவிடுவார்கள். உறைபனி மாதங்களில் பாக்டீரியா சோம்பிவிடும், மீனுக்குத் தீனியைக் குறைக்கணும் என்பதையும் போடலாம். குளத்தையே மூடிப் பரவும் வெங்காயத்தாமரையைப் படுகைச் செடிப் பட்டியலில் யாராவது சேர்த்தால் நான் குழுவைவிட்டே போய்விடுவேன்.

[கொடைக்கானலிலிருந்து]

சதுப்பை விட்டுக்கொடுக்கிறேன். எங்கள் பழனி மலையிலும் சதுப்புக்கு இதே கதிதான், அந்தப் பெயரைப் பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. 1901 முதல் சூரியனைக் கவனித்துவரும் ஆய்வகம் இருக்கிற ஊரில் நாங்கள் வெயிலுக்குக் காத்திருக்கிறோம் என்பதையும் குன்னூர் அம்மாவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனால் 'வேர்'மீது ஓர் ஐயம். தம்பி சொன்னபடியே பெரும்பாலான வேலையை ஜல்லிமேல் இருக்கும் பாக்டீரியா அல்லவா செய்கிறது? செடியே இல்லாமல் ஜல்லியை மட்டும் வைத்தாலும் அம்மோனியா குறையும். அப்படியானால் 'ஜல்லிப்படுகை' என்பதுதானே நேர்மையான பெயர்?

[கோத்தகிரியிலிருந்து]

நல்ல கேள்வி ஐயா. அம்மோனியா குறையும், நைட்ரேட் குவியும். அதைத் தின்ன ஆள் இல்லாவிட்டால் பாசி வந்து தின்னும், தண்ணீர் பச்சையாகும். செடியை அவ்வப்போது கழித்து வெளியே எடுத்துப் போடும்போதுதான் சத்து குட்டையைவிட்டு நிஜமாக வெளியேறுகிறது. ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்வோம். செடி இல்லாதது ஜல்லிப்படுகை, செடி உள்ளது வேர்ப்படுகை. அக்கா கேட்ட வரியையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன்:

*வேர்ப்படுகை: குட்டை நீரை மோட்டாரால் இடைவிடாமல் அல்லது குறுகிய இடைவெளிகளில் ஜல்லிக்கும் செடி வேர்களுக்கும் ஊடே ஏற்றி, பாக்டீரியாவாலும் செடிகளாலும் தூய்மையாக்கித் திருப்பிவிடும் படுகை. ஜல்லியைக் கழுவுவதில்லை; செடியைக் கழிப்பது உண்டு.*

தண்ணீர் குட்டைக்குத் திரும்பும் வாய்க்கு மடை, மதகு, கலிங்கு என்று மூன்று யோசனை வந்திருக்கிறது. மடையும் மதகும் திறந்து மூடுவதற்கானவை, இங்கே திறக்கவும் மூடவும் எதுவும் இல்லை. கலிங்கு ஏரிக்கு உரியது, ஒரு சாண் அகல வாய்க்கு அது ரொம்பப் பெரிய பட்டம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் தண்ணீர் கொட்டும் குழாய்வாயைப் 'பீலி' என்பார்கள். எங்கள் அம்மாச்சி இன்றும் அப்படித்தான் சொல்கிறார். மேலேயிருந்து ஓயாமல் விழும் தண்ணீருக்குப் புழக்கத்தில் இருக்கும் சொல். அதையே போடலாம் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். அடியில் சேரும் வண்டலை வெளியேற்ற, கீறல் போட்ட பைப்பின் மறுமுனையை மேலே தூக்கி மூடி போட்டு வைக்கிறோமே, அதற்குப் பெயர் இல்லை. பிளம்பர்கள் 'கிளீன் அவுட்' என்கிறார்கள். 'வண்டல் வாய்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். பொதுவில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.