களிமண் தரை: மழைநீர்க் குழி பத்து நிமிடத்தில் நிரம்பி வழிகிறது, என்ன செய்யலாம்?

மாடிவீடு_8
வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 8 வீடுகள் கொண்ட அடுக்ககம். மொட்டைமாடி 2,400 சதுர அடி. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது போட்ட மழைநீர்க் குழிகள் இரண்டு இருக்கின்றன. நீளம், அகலம், ஆழம் எல்லாமே 3 அடி, உள்ளே ஜல்லி, மேலே மணல். கனமழை பத்து நிமிடம் பெய்தாலே நிரம்பி, தண்ணீர் தெருவுக்கு ஓடிவிடுகிறது. கோடையில் லாரித் தண்ணீர்தான். போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டபோது எழுதிய குறிப்பில் 11 அடி வரை களி, அதன் கீழ் மணல் என்று இருக்கிறது. மாடிக் குழாயை நேராகப் போருக்குள் விடச் சொல்கிறார்கள் சிலர். விடலாமா?

உறைக்கிணறு
முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் மாடி 223 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் வீணாவது போக ஏறக்குறைய 9,500 லிட்டர் வரும். 3 அடிக் குழியின் கொள்ளளவு 765 லிட்டர். ஜல்லி போட்டபின் இடுக்குகளில் நிற்பது 300 லிட்டர்கூட இல்லை. இரண்டும் சேர்ந்து நான்கு நிமிட மழைக்குத்தான் தாங்கும். அடியில் களி இருப்பதால் அதுவும் இறங்காது. குழியை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

களியைத் தாண்டி மணலுக்குள் இறங்கும் உறைக்கிணறு (கான்கிரீட் வளையங்களை அடுக்கிய கிணறு) ஒன்று போடுங்கள். 5 அடி விட்டம், 20 அடி ஆழம். குழாய் 2 அடி கீழே வந்து சேரும் என்று வைத்தாலும் ஏறக்குறைய 10,000 லிட்டர் நிற்கும். உள்ளே ஜல்லி வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். அடியில் மட்டும் ஓர் அடி உயரத்துக்கு ஜல்லி போதும்.

மேஸ்திரி_தென்சென்னை
வேலை முறை சொல்றேன். மே, ஜூன்ல தோண்டுங்க, நிலத்தடி நீர் கீழே இருக்கும். களி பகுதி பெரும்பாலும் தானா நிக்கும். அதை உறையைவிட அரை அடி அகலமா வெட்டி, இடுக்குல 20 மி.மீ. ஜல்லி கொட்டுங்க. மணல் வந்ததும் சுவர் சரியும். அங்கே உறையை முதல்ல வெச்சு, உள்ளே தோண்டத் தோண்ட அது தானா இறங்கணும். உறைகளுக்கு நடுவுல சிமெண்ட் பூசாதீங்க, துளை போட்ட உறையா வாங்குங்க. பூசி அடைச்சா அது தொட்டி ஆயிடும். மேலே கான்கிரீட் மூடி, பூட்டோட.

கிணத்துக்கு முன்னாடி வண்டல் தொட்டி கட்டாயம். 3 அடிக்கு 3 அடி, வெளியேறும் குழாய் தொட்டியோட அடித்தளத்திலிருந்து ஓர் அடி உயரத்துல இருக்கணும். அதுக்குக் கீழே மண்ணும் இலையும் தங்கிடும். இதைத் தவிர்த்தா ரெண்டு மூணு மழைக்காலத்துல கிணத்தோட அடி மணல் அடைஞ்சுடும். உறைக்கிணறு தோத்துப் போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2,400 சதுர அடிக்கு 4 அங்குலக் குழாய் குறைஞ்சது மூணு இறக்குங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா மாடியிலேயே குளம் கட்டும்.

நீர்_சோதனை
போருக்குள் நேராக விடுவது பற்றி: வேண்டவே வேண்டாம். மாடியில் பறவை எச்சம், தூசி எல்லாம் இருக்கும். மண் வழியாக இறங்கினால் வடிகட்டப்படும். போர் குழாய் வழியாகப் போனால் அந்த அழுக்கு நேராக நிலத்தடி நீருக்குப் போகும், அக்கம்பக்கத்துப் போர்களும் கெடும். செப்டிக் டேங்கிலிருந்தும் கிணற்றை முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

அதைவிட முக்கியம், மாடி நீரை முதலில் சம்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) விடுங்கள். சல்லடை, மணல் வடிகட்டி வைத்து, பருவத்தின் முதல் ஓரிரு மழையை மட்டும் வால்வு திறந்து வெளியே விட்டால் போதும். நிரம்பி வழிவது கிணற்றுக்குப் போகட்டும். சென்னையில் ஆண்டு மழை சராசரி 1,400 மி.மீ. உங்கள் மாடியில் மட்டும், வீணாவது போக, ஏறக்குறைய 2,50,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி இருபது! 2015-இல் வெள்ளத்தில் மூழ்கி, 2019-இல் ஏரிகள் வறண்டு தவித்த ஊரில் இது தெருவில் ஓடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மாடிவீடு_8
மிக்க நன்றி. நவம்பரில் எங்கள் பக்கம் தரை மட்டம் வரை நீர் ஏறிவிடுமே, அப்போது கிணறு என்னாகும்?

உறைக்கிணறு
நிரம்பி நிற்கும், இறங்காது. உங்கள் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வடிகிற தாழ்வான இடம். அதனால் கிணற்றிலிருந்து மழைநீர் வடிகாலுக்கு ஒரு வழிவு குழாய் அவசியம், சாக்கடைக்கு அல்ல. வடிகால் நீர் திரும்பி வராதபடி ஒருவழி வால்வும் போடுங்கள். ஆழத்தைக் கூட்டுவதால் பயனில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் மழையைத் தவறவிடாதீர்கள், அப்போதுதான் நிலத்தில் இடம் இருக்கும். வண்டல் தொட்டியை ஜூலையிலேயே தூர்வாருங்கள். கிணற்றுக்குள் ஆள் இறக்காமல், மேலிருந்தே வாளி கட்டி அள்ளச் சொல்லுங்கள். மூடிய கிணற்றில் விஷவாயு தங்கும்.