ஏற்காடு வளைவில் முன் டயர் உரசுது, 90-ல ஸ்டீயரிங் நடுங்குது: ஆடி டிடி, 19 இன்ச் வீல். உதவுங்க

ஐந்து ரோடு ஆள்

வணக்கம்ங்க. போன மாசம் பெங்களூர்ல இருந்து 2012 ஆடி டிடி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் இஞ்சின், குவாட்ரோ (நாலு வீலுக்கும் சக்தி போறது). காலேஜ் படிக்கிறப்ப இருந்து ஆசை. வீட்ல இன்னும் முழுசா சமாதானம் ஆகல, அது வேற கதை.

ரெண்டு பிரச்சினை. ஏற்காடு ஏறும்போது முன்னாடி டயர் எங்கயோ "கர்ர்ர்"னு உரசுது. கொண்டை ஊசி வளைவு மொத்தம் இருபது, எல்லாத்துலயும் இல்ல. வலது பக்கம் மடங்குற வளைவுல, அதுவும் ரோடு கொஞ்சம் பள்ளமா இருந்தா, இடது முன் வீல்ல இருந்து சத்தம் வருது. நான் தனியா போனா லேசா. பக்கத்துல மச்சான் உக்காந்தா (ஆள் தொண்ணூறு கிலோ) நல்லாவே கேக்குது.

அடுத்தது நடுக்கம். ஓமலூர் டோல் தாண்டி தொப்பூர் பக்கம் போறப்ப 90 தொட்டா ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்குது, 110 கிட்ட குறையுது. சேலத்துல ரெண்டு கடைல பேலன்சிங் பாத்தாச்சு. மெஷின்ல நாலு வீலும் ஜீரோ காட்டுது, வண்டில போட்டா பழையபடி நடுங்குது.

இப்ப இருக்கற டயர் 245/40 ஆர்19. வித்தவர் "வீல் ஆடி ஒரிஜினல், டூப்ளிகேட் இல்ல"ன்னார். நடு மூடில நாலு வளையமும் இருக்கு. 19-ஐ கழட்டிட்டு 17 போட்டா ரெண்டும் சரியாகுமா?

கூடவே ஒரு சின்னக் கேள்வி. இந்த வண்டில மறைஞ்சிருக்கற வசதி நிறைய இருக்குன்னு சொல்றாங்க. பின்னாடி டிக்கி மேல ஸ்பாய்லர் தானா எந்திரிக்கும்னாங்க. எனக்கு ஒரு தடவைகூட எந்திரிக்கல. கெட்டுப் போச்சா?

அஸ்தம்பட்டிக்காரன்

ஆஃப்செட் பிரச்சினைங்க, சந்தேகமே வேணாம். வீல் வெளிய தள்ளி நிக்குது. ஃபெண்டர் (டயருக்கு மேல இருக்கற தகடு) உள்விளிம்பை மடக்கி விடச் சொல்லுங்க, அரை மணி நேர வேலை. என் பழைய ஹோண்டா சிட்டிக்கு அப்படித்தான் பண்ணேன்.

வெர்னியர்

ஃபெண்டர்ல இப்போதைக்குக் கை வைக்காதீங்க தம்பி. மடக்குனா பெயின்ட் வெடிக்கும், இந்த வண்டிக்கு அந்தப் பாவம் வேணாம். அளந்து பாக்காம யாரும் எதையும் வெட்ட வேணாம்.

மூணு தகவல் வேணும். முதல்ல ஒரு வீலைக் கழட்டி ஆரக்காலோட பின்பக்கம் என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க, ஜே-ன்னு ஒரு எண் (ரிம் அகலம், இன்ச்ல), ஈடி-ன்னு ஒரு எண் (ஆஃப்செட், அதாவது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து வீல் மாட்டற முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்குன்னு) இருக்கும். அப்புறம் நடு ஓட்டையோட விட்டத்தை வெர்னியர் காலிப்பர்ல அளங்க. டேப் வெச்சு அளந்துட்டு "ஏறக்குறைய"ன்னு எழுதாதீங்க. கடைசியா, ஸ்பீடோமீட்டர் 80 காட்டறப்ப போன்ல ஜிபிஎஸ் எவ்வளவு காட்டுது?

ஐந்து ரோடு ஆள்

அண்ணா, வீலைக் கழட்டறதுக்கே பெரிய பாடாப் போச்சு. அஞ்சு போல்ட்ல நாலுதான் கழண்டுச்சு, அஞ்சாவது வேற மாதிரி பூப் போட்ட தலை. பஞ்சர் கடைப் பையன் சுத்தியல எடுத்துட்டான், ஓடிப் போய் தடுத்தேன். அப்புறம் டிக்கி தரைய தூக்கிப் பாத்தா, டூல் டப்பாவுல சின்னதா ஒரு அடாப்டர். அதை மாட்டித்தான் கழட்டணுமாம்.

அச்சு: 8.5 ஜே × 19, ஈடி 43. நடு ஓட்டை 66.5 மி.மீ.
ஜிபிஎஸ் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன். மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. வண்டி அவ்வளவு துல்லியமான்னு பெருமைப்பட்டேன்.

வெர்னியர்

அந்தப் பூப் போட்ட தலைதான் வீல் திருட்டுக்குப் பூட்டு. மறைஞ்சிருக்கற வசதி கேட்டீங்களே, முதல்ல அதை எழுதிக்கோங்க. அடாப்டரைத் தொலைச்சுட்டு ராத்திரி தொப்பூர் கணவாய்ல பஞ்சர் ஆனா, மத்த எந்த வசதியும் உதவாது.

பெருமைப்பட்ட இடத்துலதான் துப்பு இருக்கு. கம்பெனியில இருந்து வர்ற கார் மீட்டர் பெரும்பாலும் நிஜ வேகத்தை விட ரெண்டு மூணு கி.மீ. கூட்டித்தான் காட்டும். குறைச்சுக் காட்ட விதியே விடாது. உங்களுதுல ரெண்டும் ஒண்ணா வருதுன்னா, டயர் இருக்க வேண்டியதை விடப் பெருசு.

கணக்கு போடுவோம். இந்த தலைமுறை டிடிக்கு 18 இன்ச்ல வர்றது 9 ஜே, ஈடி 52, டயர் 245/40 ஆர்18. 245-ங்கறது டயரோட அகலம், மி.மீ.ல. அதுல 40 சதவீதம் 98 மி.மீ., அதுதான் பக்கச் சுவர் உயரம். மேலயும் கீழயும் சேத்து 196. கூட 18 இன்ச், அதாவது 457.2. மொத்த விட்டம் 653.2 மி.மீ.

உங்க டயர்: அதே 196, கூட 482.6. ஆக 678.6. இருபத்தஞ்சு மி.மீ. அதிகம், கிட்டத்தட்ட 4 சதவீதம். வீலோட நடு அச்சுல இருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் 12.7 மி.மீ. வெளிய நிக்குது. வீல் இன்ச்சை ஏத்தினா பக்கச் சுவரைக் குறைக்கணும். முன்னாடி வெச்சிருந்தவர் 40-ஐ அப்படியே விட்டுட்டார். நம்மூர் ஸ்பீட் பிரேக்கருக்கு ரிம் வளையாம இருக்கட்டும்னு நெனச்சிருப்பார், ஆளைத் திட்டவும் முடியல. ஆனா அது பெரிய செடானுக்கு வர்ற டயர்.

இப்ப அஸ்தம்பட்டித் தம்பி சொன்ன ஆஃப்செட். ரிம் அகலத்துல பாதியில இருந்து ஈடியைக் கழிச்சா வெளி விளிம்பு எங்க நிக்குதுன்னு தெரியும். ஒரிஜினல்: 114.3 கழித்தல் 52, அதாவது 62.3. உங்களுது: 107.95 கழித்தல் 43, அதாவது 64.95. மூணு மி.மீ. கூட வெளிய வரல. அதனால உரசாது. உரசறது உயரத்தாலதான். வலது வளைவுல வண்டியோட எடை இடது முன் வீல் மேல சாயும், அந்தப் பக்கம் உங்க மச்சானும் சேந்துக்கறார், ஸ்பிரிங் அமுங்குது, டயர் போய் உள் லைனர்ல (ஃபெண்டருக்கு உள்ள இருக்கற மறைப்பு) இடிக்குது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, லைனர்ல பளபளன்னு தேஞ்ச தடம் இருக்கும்.

அஸ்தம்பட்டிக்காரன்

சரிங்கண்ணா, ஒத்துக்கறேன். ஆனா நடுக்கம் எதனால? பெரிய டயருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையே.

அடிவாரம் வல்கனைசிங்

அதை நான் சொல்றேன். இருபது வருஷமா மலை ஏறுறவங்க எறங்குறவங்க டயரப் பாத்துட்டு இருக்கேன்.

66.5 நடு ஓட்டைன்னா அது ஏ4, ஏ6 மாதிரி பெரிய ஆடிகளோட வீல். வித்தவர் பொய் சொல்லல, ஆடி வீல்தான், ஆனா இந்த ஆடியோடது இல்ல. ரெண்டுக்கும் அஞ்சு போல்ட், 112 மி.மீ. வட்டம், அதனால கச்சிதமா மாட்டிக்கும். டிடியோட ஹப் (வண்டில வீலோட நடு ஓட்டை போய் உக்கார்ற மேடு) 57.1 மி.மீ. சுத்தி வர 4.7 மி.மீ. சும்மா கிடக்குது. வீலை நடுவுல நிறுத்த ஹப் கிடையாது, போல்ட் மட்டுந்தான் பிடிச்சிருக்கு. மாட்டறப்ப மயிரிழை தள்ளி உக்காந்தா முடிஞ்சுது. மெஷின்ல நடு ஓட்டையில கூம்பை விட்டு நிறுத்திதான் பேலன்ஸ் பாக்கறோம், அங்க ஜீரோதான் வரும். வண்டில அந்த நடு இல்லையே! ரெண்டு கடைக்காரங்க மேலயும் தப்பு இல்ல, ஆனா யாராவது ஒருத்தர் ஹப்பை எட்டிப் பாத்திருக்கலாம்.

66.5-க்கும் 57.1-க்கும் நடுவுல போடற ஹப் ரிங் கிடைக்கும். பிளாஸ்டிக்லயும் வருது, அலுமினியத்துலயும் வருது. மலை எறங்குற வண்டிக்கு பிரேக் சூடு ஹப் வரைக்கும் போகும், அலுமினியமே வாங்குங்க. ஹப்ல துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டுட்டு மாட்டச் சொல்லுங்க.

போல்ட்டையும் பாருங்க. ஆடிக்கு நுனி உருண்டையா இருக்கணும். வெளிச் சந்தை வீல் நிறைய கூம்பு நுனி கேக்கும். உருண்டைக் குழில கூம்பு போல்ட் போட்டா இறுகின மாதிரிதான் தெரியும், ஓட ஓட கழண்டுக்கும். உங்களுது ஆடி வீலே, அதனால பழைய போல்ட்டே சரி. காத்துத் துப்பாக்கில விட்டு அடிக்க விடாதீங்க, கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்ல 120 நியூட்டன் மீட்டர்.

ஐந்து ரோடு ஆள்

தலை சுத்துது, ஆனா புரியுது. அப்ப ரிங் வாங்கிட்டு டயர் மட்டும் மாத்தினா போதுமா? இல்ல 17-க்கே போயிடலாமா?

வெர்னியர்

19-ஐ வெச்சுக்கணும்னா டயர் 255/35 ஆர்19. கணக்கு 661.1 மி.மீ. வரும், ஒரிஜினல்ல இருந்து ஒரு சதவீதம் சொச்சம், அது டிடிக்கே வர்ற அளவுதான். 17-ன்னா 245/45 ஆர்17, 652.3. சுத்தளவு கிட்டத்தட்ட ஒரிஜினல் 18 மாதிரியேதான், ஆனா பிரேக் காலிப்பர் மேல ரிம் இடிக்காம நிக்குதான்னு மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க. என்னைக் கேட்டா ஒரிஜினல் 18-க்குப் போங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டின ஸ்டிக்கர்ல அளவும் பிரஷரும் இருக்கும், என் பேச்சை நம்பாம அதைப் பாருங்க.

எதை எடுத்தாலும் நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தேய்மானம். முன்னாடி ரெண்டு புதுசு பின்னாடி ரெண்டு பழசுன்னு போட்டா, சுத்தற வட்டம் மாறும். இதுல குவாட்ரோ ஹால்டெக்ஸ் கிளட்ச் வழியா பின் வீலுக்கு சக்தி அனுப்புது. முன்னுக்கும் பின்னுக்கும் வேகம் வேறன்னா, வீல் வழுக்குதுன்னு நெனச்சு அது வேலை செஞ்சுக்கிட்டே கிடக்கும். வாங்கறப்ப பக்கச் சுவர்ல டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கம் பாருங்க. 2217-ன்னா 2017-ஆம் வருஷம் 22-வது வாரம் செஞ்சது. அப்படி ஒரு டயரை "புது ஸ்டாக் சார்"னு நீட்டினா கும்பிட்டுட்டு வந்துடுங்க.

காப்பித்தோட்டம்

தினமும் ஏறி எறங்குறவன் சொல்றேன், 18 போதும். மழைக்குப் பின்னாடி இந்த ரோட்ல கல் எங்க கிடக்கும்னே தெரியாது. மெல்லிசு டயர்ல ஒரு கல் போதும், ரிம் நெளிஞ்சுடும்.

பிரஷரை சேலத்துலயே காலைல டயர் ஆறி இருக்கறப்ப பாத்துடுங்க. மேல வந்து பாத்தா கணக்கு குழம்பும். சேலத்தை விட இங்க வெளிக்காத்தோட அழுத்தம் கம்மி, அதனாலயே கேஜ் ரெண்டு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், குளிர் அதுல ஒண்ணைத் திருப்பி எடுத்துக்கும், ஏறி வந்த சூடு இன்னொரு பக்கம். அதைப் பாத்து காத்தை எறக்கிட்டு கீழ போய் "டயர் தட்டையா இருக்கு"ன்னு முழிச்ச விருந்தாளி எங்க வீட்ல உண்டு.

எறங்குறப்ப கியரை மேனுவல்ல ரெண்டுல போடுங்க. பிரேக் மேலயே கால வெச்சுட்டு வர்றவங்களோட வாசனை அடிவாரத்துல எங்களுக்குத் தெரியும்.

ஸ்பாய்லர் கெட்டுப் போகல. அது 120 தாண்டினாத்தான் தானா எந்திரிக்கும், 80-க்குக் கீழ வந்தா படுத்துக்கும். நீங்க 90-லயே நடுங்கிட்டு இருந்தீங்க, அது எப்படி எந்திரிக்கும்? கியர் கிட்ட அதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு, வண்டி நிக்கறப்பவே அமுக்கிப் பாருங்க. இன்னொண்ணு, சேலம் வெயிலுக்கு: சாவில திறக்கற பொத்தானை விடாம அமுக்கிப் பிடிச்சா ரெண்டு கண்ணாடியும் எறங்கும். பக்கத்துல போறதுக்குள்ள சூடு வெளிய போயிடும். எறங்கலன்னா அமைப்புல அணைச்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், லேப்டாப் மாட்டித் திறந்து விடலாம். ஆனா தெருமுனைல ஓபிடி ஒயர் (வண்டியோட கம்ப்யூட்டர்ல மாட்டறது) வெச்சிருக்கற எல்லாருக்கும் சாவியக் குடுத்துடாதீங்க. பழைய கோடிங்கை எழுதி வெச்சுக்காம மாத்தறவன் கையில அந்த வண்டி போகக் கூடாது.

ஐந்து ரோடு ஆள்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

ஹப் ரிங் முதல்ல வந்துச்சு. டயரை மாத்தாம ரிங் மட்டும் போட்டு தொப்பூர் வரைக்கும் போய்ப் பாத்தேன். நடுக்கம் சுத்தமாப் போச்சு! அடிவாரம் அண்ணனுக்கு அடுத்த தடவ மேல வர்றப்ப டீ என் செலவு. லைனர்ல தேஞ்ச தடம் வெர்னியர் அண்ணா சொன்ன இடத்துலயே இருந்துச்சு, விரல் அகலத்துக்கு.

அப்புறம் ஒரிஜினல் 18 செட் ஒண்ணு கோயம்புத்தூர்ல கிடைச்சுது, நடு ஓட்டை 57.1-தான்னு வெர்னியர் வெச்சு அளந்துட்டுத்தான் காசு குடுத்தேன். நாலு புது டயர். நேத்து மச்சானைப் பக்கத்துல உக்கார வெச்சே ஏற்காடு போனேன். இருபது வளைவு, ஒரு சத்தம் இல்ல. மீட்டர் இப்ப ஜிபிஎஸ்ஸை விட மூணு கூட்டிக் காட்டுது.

ஒரே ஒரு சந்தேகம். ஸ்பாய்லர் பொத்தானை அமுக்கி அம்மாவுக்குக் காட்டினேன். "டிக்கி பேந்துக்கிச்சுடா"ன்னு பதறிட்டு கையால அமுக்கப் போனாங்க. இப்ப பாதில நிக்குது.

காப்பித்தோட்டம்

கையால யாரும் அமுக்க வேணாம், மோட்டர் பல்லு போயிடும். இஞ்சின் ஓடறப்ப பொத்தானை விடாம பிடிச்சு முழுசா ஏத்தி, அப்புறம் அதே மாதிரி பிடிச்சு முழுசா எறக்குங்க. அம்மா கையை மட்டும் தள்ளி வெச்சுக்கச் சொல்லுங்க.

ஐந்து ரோடு ஆள்

எறங்கிடுச்சுங்க.