டிரிப்-ஹாப் இசைக்குத் ‘தூங்கலிசை’ பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்:
குழுமத்தார்க்கு வணக்கம். ஃபேண்டோகிராம் என்னும் அமெரிக்க இசைக்குழுவைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். அது இடம்பெறும் நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நியூயார்க் மாநிலத்தின் கிரீனிச் என்னும் சிற்றூரைச் சேர்ந்த நெடுநாள் நண்பர்களான சாரா பார்தெலும் ஜோஷ் கார்ட்டரும் 2007-இல் சார்லி எவ்ரிவேர் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் பெயரை மாற்றிக்கொண்டு, ஒதுக்குப்புறமான கொட்டகை ஒன்றில் பாடல்களை உருவாக்கி, ‘ஐலிட் மூவீஸ்’ தொகுப்பால் அறியப்பட்டு, 2014-இல் ‘வாய்சஸ்’ தொகுப்பை ரிபப்ளிக் என்னும் பெருநிறுவனத்தின் வழியே வெளியிட்டார்கள். இவ்வளவும் தமிழில் எளிதாக வந்துவிட்டது. ‘டிரிப்-ஹாப், டிரீம்-பாப் டுவோ’ என்ற முதல் வரிதான் வரவில்லை. டிரீம்-பாப்புக்குக் ‘கனவிசை’ என்றும் டுவோவுக்கு ‘இணையர்’ என்றும் எழுதியிருக்கிறேன். டிரிப்-ஹாப்புக்கு என்ன சொல்லலாம்?

யாப்பு ஆசிரியர்:
‘இணையர்’ இன்று கணவன் மனைவியைக் குறிக்கிறது. இவர்கள் நண்பர்கள், எனவே ‘இருவர் குழு’ போதும். டிரிப்-ஹாப் என்ற பெயர் 1994-இல் மிக்ஸ்மேக் என்னும் பிரித்தானிய இசை இதழில் டிஜே ஷேடோ என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் இசையைப் பற்றி எழுதும்போது வந்தது. அதைப் ‘பயணத் துள்ளல்’ என்று பெயர்த்தால் பொருளே பிறழும். காதில் விழுவதைக் கேளுங்கள்: ஹிப்-ஹாப் தாளம் வேகம் குறைந்து, அசைந்து நடக்கிறது. கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று நம் யாப்பு இந்த வேறுபாட்டை என்றோ வகுத்துவிட்டது. ஆகவே ‘தூங்கலிசை’. தூங்குதல் என்றால் முதலில் தொங்குதல், அசைதல். தூங்கணாங்குருவியின் பெயரில் அப்பொருள் இன்னும் இருக்கிறது. தொல்காப்பியர் ‘தூங்கல் வண்ணம்’ என்றே ஒரு வண்ணத்தை, அதாவது செய்யுளின் ஓசை வகையை, சொல்கிறார்.

இசைக் கட்டுரையாளர்:
ஐயா, சொல் அழகானது. ஆனால் படிப்பவர் அதைத் தாலாட்டு என்றே கொள்வார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த மாஸிவ் அட்டாக் என்ற டிரிப்-ஹாப் குழு 1991-இல் வெளியிட்ட ‘ப்ளூ லைன்ஸ்’ தொகுப்பின் அடித்தாள ஒலி உறக்கத்துக்கானதன்று. ஃபேண்டோகிராம் இசையிலும் முரசொலி கூர்மையாக வெட்டுகிறது. பார்தெலின் குரல்தான் அதன்மேல் மிதக்கிறது. அவர்கள் 2015-இல் ராப் பாடகர் பிக் பாயுடன் சேர்ந்து பிக் கிராம்ஸ் என்ற பெயரில் இசைத்ததற்குக் காரணமே ஹிப்-ஹாப் உறவுதான். ‘ஹாப்’ மறைந்தால் கட்டுரையின் அந்தப் பத்தி அறுந்து நிற்கும். அதே காரணத்தால் ‘கனவிசை’யும் வேண்டாம்; பாப் இசையைத் தமிழர் அறிவர், ‘கனவுப் பாப்’ என்க.

மொழிபெயர்ப்பாளர்:
தனிமடல்களையும் சேர்த்துப் பார்க்கையில் பெரும்பான்மை ஒலிபெயர்ப்பின் பக்கமே நிற்கிறது. ‘டிரிப்-ஹாப், கனவுப் பாப் வகைகளில் இசைக்கும் இருவர் குழு’ என்று எழுதி, ‘மெதுநடையிட்ட ஹிப்-ஹாப் தாளம்’ என ஒரு விளக்கத் தொடரும் சேர்த்து அனுப்புகிறேன்.

யாப்பு ஆசிரியர்:
கெடு கருதி உடன்படுகிறேன், கருத்தில் உடன்படவில்லை. நீங்கள் எழுதிய ‘மெதுநடை’ என்ற விளக்கமே தூங்கலின் பொருள்தான். ஒரு தொடர் செய்யும் வேலையை ஒரு சொல் செய்யும்போது, புழங்காதது என்பதற்காக அதைத் தள்ளினால் அது எப்போதுதான் புழங்கும்? நூலிறுதியிலுள்ள கலைச்சொல் பட்டியலிலாவது ‘தூங்கலிசை’யைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.