புதுப்பிப்பு: மாம்பழக்கூழ் ஆலைக் கணக்குக்கு விடை கிடைத்துவிட்டது

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் மே முதல் ஆகஸ்ட் வரையான பணவரத்து, நேரியல் திட்டமிடல் (கட்டுப்பாடுகளுக்குள் ஒரு அளவை அதிகபட்சமாக்கும் முறை) வீட்டுப்பாடம். பணம் போதாத மாதத்தில் ஒரு மாதக் கடன் வாங்கலாம், மிச்சமானால் வைப்பில் போடலாம். ஆகஸ்ட் இறுதிக் கையிருப்பு அதிகபட்சமாக வேண்டும். இப்படிப்பட்ட கணக்கைத் தீர்க்கும் எக்செல் சால்வரோ விடைக்கு எல்லையே இல்லை என்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன்.

நேற்று தர்மபுரி பஸ் நிலையத்தில் பாலக்கோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தோழி என் நோட்டைப் பிடுங்கி ஒரு வரியில் விரலை வைத்தாள். "ஆகஸ்டில் வாங்கும் கடனை யார் அடைப்பது?"

யாருமில்லை! ஒரு மாதக் கடன் செப்டம்பரில்தான் திரும்ப வேண்டும். எங்கள் கணக்கில் செப்டம்பரே கிடையாது. அடைக்கத் தேவையில்லாத கடன் என்றால் சால்வர் சும்மா விடுமா?

ஆகஸ்ட் கடன் பூஜ்யம் என்று கட்டுப்பாடு சேர்த்தோம். மே கடன் 2,00,000 ரூபாய். ஜூனில் அதை 1 சதவீத மாத வட்டியோடு அடைத்து, 2 லட்சப் பற்றாக்குறையையும் ஈடுகட்ட 4,02,000 கடன். ஜூலையின் நிகர வரவு 5 லட்சத்தில், வட்டியோடு 4,06,020 கட்டியபின் மிச்சம் 93,980, அது 0.5 சதவீத வைப்பில். ஆகஸ்டின் நிகர வரவு 6 லட்சத்தோடு சேர்த்து 6,94,449.90 ரூபாய். கையால் போட்டாலும் அதே.

போன வாரப் பதிவைப் பார்த்து வட்டி விகிதத்தைச் சந்தேகித்தவர்களுக்கு: அது ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது.